முன்பதிவுத் திரையின் முதல் வரி: சுற்றுலாத் துறையில் எண்ணிமத் தொழில்முனைவின் வரலாறு (1953–2024)

ஆய்வுச் சுருக்கம்

பயண இருக்கைகளும் விடுதி அறைகளும் கணினித் திரையின் வழியே விற்கப்படும் முறை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க விமானத் துறையில் தோன்றியது. பின்னர் இணையத்தின் வழியே ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அது பரவியது. சிதறிக் கிடந்த காலி இடங்களைப் பற்றிய செய்தியை ஒரே பட்டியலாகத் தொகுத்தவர்களே இத்துறையின் வெற்றிபெற்ற தொழில்முனைவோர். ஆயினும் தொகுத்தவரே அப்பட்டியலின் வரிசையையும் விற்பனை நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரம் பெற்றபோது, பட்டியலில் இடம்பெற்றோரின் தொழில் உரிமை சுருங்கியது. சேபர், புக்கிங், இந்திய இரயில்வே, ரெட்பஸ், மேக்மைட்ரிப் ஆகியவற்றின் வரலாற்றை ஒப்பிட்டு, இவ்வதிகாரம் உருவான விதத்தையும் சட்டம் அதனை எதிர்கொண்ட காலத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முன்பதிவு, சேபர், திரைச் சார்பு, இணையத் தளம், சமவிலை நிபந்தனை, போட்டிச் சட்டம், சுற்றுலாத் தொழில்முனைவு.

முன்னுரை

விற்பனைப் பொருள்களுள் பயண இருக்கையும் விடுதி அறையும் தனித்தன்மை உடையவை. இன்று விற்காத நெல்லை நாளை விற்கலாம். இன்றிரவு ஆளின்றிக் கிடந்த அறையை நாளை விற்க இயலாது. விமானம் புறப்பட்டதும் அதன் காலி இருக்கைக்கு விலை இல்லாமற் போகிறது. எனவே எந்த இடம் காலியாக உள்ளது என்னும் செய்தி, அது வேண்டுவோரை உரிய நேரத்தில் சென்றடைவதே இத்துறையின் அடிப்படைத் தேவையாகும். விமானம், பேருந்து, விடுதி ஆகியவற்றின் தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் இச்செய்தி சென்றடையாவிடில் வருவாய் இல்லை.

இச்செய்தியைக் கொண்டுசேர்க்கும் கருவியாகவே கணினி சுற்றுலாத் துறைக்குள் நுழைந்தது. சுற்றுலாவும் எண்ணிமத் தொழில்நுட்பமும் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் வேகம், வசதி, சந்தை விரிவு ஆகியவற்றை முன்னிறுத்துகின்றன. அவை உண்மையான பயன்களே. எனினும் திரையில் எது முதலில் தோன்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது யார் என்னும் வினா, கணினி முன்பதிவின் தொடக்கக் காலம் முதலே இத்துறையைத் தொடர்ந்து வந்துள்ளது. அவ்வினாவின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

அட்டைப் பேழையிலிருந்து கணினிக்கு

இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் முன்பதிவு, சுழலும் பேழையில் அடுக்கப்பட்ட அட்டைகளைக் கொண்டு நடைபெற்றது. ஒவ்வொரு பயணத்திற்கும் ஓர் அட்டை இருந்தது. தொலைபேசியில் கோரிக்கை வந்ததும் பணியாளர் உரிய அட்டையைத் தேடி எடுத்து, இருக்கை உண்டா எனப் பார்த்து, அதில் குறியிட்டார். ஒரு பேழையைச் சுற்றி ஏறத்தாழ எட்டுப் பேர் மட்டுமே அமர இயன்றது. பயணிகள் பெருகியபோது இம்முறையை விரிவாக்க வழி இருக்கவில்லை. இருக்கையைத் தேடிப் பதிந்து சீட்டு எழுதி முடிக்கச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

1946ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ரிசர்வைசர் என்னும் மின்பொறி நிறுவப்பட்டது. 1952இல் காந்த உருளையில் தகவலைச் சேமிக்கும் அதன் மேம்பட்ட வடிவம் நியூயார்க்கில் இயங்கத் தொடங்கியது. இவை இருக்கைகளின் எண்ணிக்கையை வைத்திருந்தனவே தவிர, பயணியின் பெயர் முதலான விவரங்களை இருக்கையோடு இணைக்கவில்லை. அந்தப் பணி தொடர்ந்து மனிதக் கைகளாலேயே செய்யப்பட்டது.

1953இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் சென்ற விமானத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி. ஆர். சுமித்தும் ஐ.பி.எம். நிறுவனத்தின் விற்பனையாளர் ஆர். பிளேர் சுமித்தும் அருகருகே அமர்ந்து பயணம் செய்தனர். அவர்களது உரையாடல் கூட்டுத் திட்டமாக வளர்ந்தது. அமெரிக்க வான்படைக்காக ஐ.பி.எம். பங்கேற்று உருவாக்கிய சேஜ் என்னும் வான்காப்பு அமைப்பின் தொழில்நுட்ப அனுபவம் இத்திட்டத்திற்கு அடித்தளமாயிற்று. தொலைவிலுள்ள பல முனையங்களிலிருந்து வரும் தகவலை மையக் கணினி உடனுக்குடன் ஏற்று விடையளிப்பதே இவ்விரண்டுக்கும் பொதுவான இயல்பு. நியூயார்க் மாநிலத்தின் பிரையர்கிளிஃப் மேனர் என்னுமிடத்தில் இரண்டு ஐ.பி.எம். 7090 கணினிகளில் அமைக்கப்பட்ட சேபர், 1964இல் முழு அளவில் செயல்படத் தொடங்கியது. நாளொன்றுக்கு 80,000க்கும் மேற்பட்ட அழைப்புகளைக் கையாளும் திறன் அதற்கு இருந்தது. ஒன்றரை மணி நேர வேலை சில விநாடிகளுக்குள் அடங்கியது.

முகவரின் மேசைக்கு வந்த திரை

தொடக்கத்தில் சேபர் விமான நிறுவனத்தின் அகப்பணிக் கருவியாகவே இருந்தது. 1976இல் அதன் முனையங்கள் பயண முகவர்களின் அலுவலகங்களில் வைக்கப்பட்டன. அதே ஆண்டில் யுனைடெட் நிறுவனம் அப்பல்லோ என்னும் தனது அமைப்பை முகவர்களுக்கு வழங்கியது. 1978ஆம் ஆண்டின் விமான நிறுவனக் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் கட்டணங்களையும் வழித்தடங்களையும் நிறுவனங்களின் விருப்பத்திற்கு விட்டது. கட்டணங்கள் அடிக்கடி மாறத் தொடங்கியதால் அச்சிட்ட கால அட்டவணையைக் கொண்டு தொழில் நடத்துவது முகவர்களுக்குக் கடினமாயிற்று. திரை இன்றியமையாத கருவியானது.

முகவர் ஒருவர் பொதுவாக ஒரு நிறுவனத்தின் முனையத்தையே பயன்படுத்தினார். அத்திரையில் எல்லா விமான நிறுவனங்களின் பயணங்களும் தோன்றின. ஆனால் திரை ஒரு போட்டியாளருக்குச் சொந்தமாக இருந்தது. முகவர்கள் பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் முதல் வரியில் உள்ள பயணத்தையே தேர்ந்தெடுத்தனர் என்பதையும், தேர்வுகளில் 92 விழுக்காடு முதல் திரைக்குள்ளேயே முடிந்தது என்பதையும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கண்டறிந்தது. தொலைபேசியில் வாடிக்கையாளர் காத்திருக்கும்போது அடுத்தடுத்த திரைகளைப் புரட்டிப் பார்க்க முகவருக்கு நேரமில்லை என்பதே இதன் எளிய காரணம். வரிசைப்படுத்தும் விதியைச் சிறிது மாற்றினாலே வருவாய் இடம் மாறியது.

1981இல் நியூயார்க் ஏர் என்னும் புதிய நிறுவனம் நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்திலிருந்து டெட்ராய்ட்டுக்குக் குறைந்த கட்டணத்தில் விமானங்களை இயக்கியது. அவ்வழித்தடம் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு முக்கியமானது. சிறிது காலத்தில் புதிய நிறுவனத்தின் பயணங்கள் சேபர் திரையின் அடிப்பகுதிக்குத் தள்ளப்பட்டன. முன்பதிவுகள் வற்றின. நாளொன்றுக்கு எட்டாக இருந்த டெட்ராய்ட் பயணங்கள் முற்றிலும் நிறுத்தப்பட்டன. விமானங்களும் பணியாளர்களும் குறைந்த கட்டணமும் கையில் இருந்தும், திரையில் மேலே தோன்ற இயலாத ஒரே காரணத்தால் ஒரு தொழில் முயற்சி அவ்வழித்தடத்தை இழந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

1984ஆம் ஆண்டின் விதிகளும் அவற்றின் எல்லையும்

பாதிக்கப்பட்ட நிறுவனங்களின் முறையீடுகள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னும் அரசு அமைப்புகளின் முன்னும் சென்றன. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் ராபர்ட் கிராண்டல் தமது தரப்பை மறைக்கவில்லை. தம் விமானங்களை முன்னிலைப்படுத்திக் காட்டுவதும் அதனால் சந்தைப் பங்கு உயர்வதுமே இவ்வமைப்பை உருவாக்கியதன் வணிக நோக்கம் என்பது அவரது வாதம். முதலீடு செய்தவருக்கு அதன் பயனை அடையும் உரிமை உண்டு என்னும் இவ்வாதத்தில் தொழில்முனைவின் தருக்கம் உள்ளது. ஆயினும் முகவர் அலுவலகத்திற்குள் நுழைந்த பின்னர் அத்திரை ஒரு நிறுவனத்தின் கருவியாக மட்டும் இல்லாமல் சந்தையின் பொது வாயிலாகவும் மாறியிருந்தது.

குடிமை விமானப் போக்குவரத்து வாரியம், தான் கலைக்கப்படுவதற்குச் சற்று முன்னர், 1984இல் திரைச் சார்பைத் தடை செய்யும் விதிகளை வகுத்தது. உரிமையாளரின் பெயரைக் கொண்டு வரிசையை அமைக்கக் கூடாது, பதிவுக் கட்டணத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்பன அவற்றுள் முதன்மையானவை. ஆனால் கட்டணத்திற்கு உச்சவரம்பு விதிக்கப்படவில்லை. வரிசையால் கிடைத்த ஆதாயம் குறைந்த பின்னரும், பிற நிறுவனங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் செலுத்திய கட்டணம் சேபருக்குத் தொடர்ந்து வருவாய் ஈட்டித் தந்தது. ஐரோப்பாவில் 1987இல் ஏர் பிரான்ஸ், லுஃப்தான்சா, ஐபீரியா, எஸ்.ஏ.எஸ். ஆகிய நிறுவனங்கள் அமடேயஸ் அமைப்பை நிறுவின. 1989இல் கணினி முன்பதிவு அமைப்புகளுக்கான நடத்தை விதிகள் அங்கும் இயற்றப்பட்டன.

2000இல் சேபர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்திலிருந்து தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2004இல் அமெரிக்க விதிகள் காலாவதியாகின. விமான நிறுவனங்களே திரையின் உரிமையாளர்களாக இல்லாத நிலையில் விதிகள் தேவையில்லை எனக் கருதப்பட்டது. திரைச் சார்பின் வேர் விமான உரிமையில் மட்டுமே உள்ளது என்னும் அனுமானம் இம்முடிவில் அடங்கியிருந்தது. அவ்வனுமானம் சரியானதன்று என்பதை விடுதித் துறையின் வரலாறு காட்டுகிறது.

இணையத் தளங்களும் விடுதியாளரும்

1996ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டில் சேபரின் டிராவலாசிட்டியும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பீடியாவும் தொடங்கப்பட்டன. நெதர்லாந்தில் கீர்ட்-யான் புரூயின்ஸ்மா புக்கிங் தளத்தைத் தொடங்கினார். விடுதியாளர் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. விருந்தினர் தங்கிய பின்னர் தரகுத் தொகையைச் செலுத்தினால் போதும். பன்னாட்டு விடுதிக் குழுமங்களைப் போல விளம்பரத்திற்குச் செலவிட இயலாத சிறு விடுதிகளுக்கு இது பெரும் வாய்ப்பாக அமைந்தது. ஒரு சிற்றூரில் பத்து அறைகளை வைத்திருந்தவரும் அயல்நாட்டுப் பயணியின் பார்வைக்கு வந்தார். 2005இல் புக்கிங் அமெரிக்காவின் பிரைஸ்லைன் நிறுவனத்தின் உடைமையாயிற்று.

இத்தளங்களுக்குச் சொந்த விடுதிகள் இல்லை. ஆகவே சேபரைப் போலத் தம் சொத்தை முன்னிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் அதிகத் தரகு தருபவரை மேலே காட்டும் ஊக்கம் அவற்றுக்கு இருந்தது. ஐக்கிய இராச்சியத்தின் போட்டி, சந்தைகள் ஆணையம் 2017இல் தொடங்கிய விசாரணையின் முடிவில், 2019இல் எக்ஸ்பீடியா, புக்கிங், அகோடா உள்ளிட்ட ஆறு தளங்கள் தரகுத் தொகை வரிசையைப் பாதிக்கும்போது அதனைப் பயணிகளுக்குத் தெரிவிக்க உடன்பட்டன. 1984இல் கேட்கப்பட்ட அதே வினா வேறு வடிவில் மீண்டும் எழுந்ததை இங்குக் காணலாம்.

வரிசையைக் காட்டிலும் ஆழமாகச் சென்றது சமவிலை நிபந்தனை. தளத்தில் உள்ள விலையை விடக் குறைந்த விலையில் விடுதியாளர் வேறெங்கும் அறையை விற்கக் கூடாது என்பதே அதன் சாரம். அதன் விரிந்த வடிவம் பிற தளங்களையும் கட்டுப்படுத்தியது. குறுகிய வடிவம் விடுதியின் சொந்த இணையத்தளத்தைக் கட்டுப்படுத்தியது. தரகு செலுத்த வேண்டாத நேரடி விருந்தினருக்குத் தம் இணையத்தளத்தில் விலையைக் குறைத்துத் தரும் உரிமையை விடுதியாளர் இதனால் இழந்தார். செருமானியக் கூட்டாட்சிப் போட்டி அலுவலகம் 2013இல் எச்.ஆர்.எஸ். தளத்தின் நிபந்தனையையும், 2015இல் புக்கிங்கின் குறுகிய நிபந்தனையையும் தடை செய்தது. பிரான்ஸ் 2015இல் சட்டத்தின் வழியே இந்நிபந்தனைகளை நீக்கியது. 2024 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் எண்ணிமச் சந்தைகள் சட்டத்தின்கீழ் புக்கிங்கை வாயிற்காவல் நிறுவனமாக அறிவித்தது. வாயிற்காவல் நிறுவனம் சமவிலை நிபந்தனை விதிப்பதை அச்சட்டம் தடுக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், இத்தகைய நிபந்தனைகள் தளத்தின் செயல்பாட்டுக்கு இன்றியமையாத துணை நிபந்தனைகள் எனக் கொள்ளத்தக்கவை அல்ல எனத் தீர்ப்பளித்தது.

இந்தியா: இரயில்வேயின் வரிசை

இந்தியாவில் கணினி முன்பதிவு அரசுத் துறையில் தொடங்கியது. அதற்கு முன்னர் ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பதிவேடு இருந்தது. உரிய வண்டிக்கான சாளரத்தின் முன் நின்றே இடம் பெற வேண்டியிருந்தது. 1985–86இல் புதுதில்லியில் கணினிவழிப் பயணியர் முன்பதிவு நடைமுறைக்கு வந்தபின் எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் இடம் பெறும் நிலை உருவாயிற்று. 1986இல் இரயில்வே தகவல் அமைப்புகள் மையம் நிறுவப்பட்டது. 1999இல் ஐ.ஆர்.சி.டி.சி. தோன்றியது. 2002 ஆகஸ்டில் அது இணையவழிச் சீட்டு விற்பனையைத் தொடங்கியது. தொடக்கத்தில் இணையத்தில் பதிந்த சீட்டு தாளில் அச்சிடப்பட்டுத் தூதஞ்சல் வழியே பயணியின் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. 2005இல் பயணியே அச்சிட்டுக்கொள்ளும் மின்சீட்டு வந்தது.

இங்குத் திரையின் உரிமையாளரும் வண்டியின் உரிமையாளரும் ஒருவரே. போட்டியாளர் எவரும் பட்டியலில் இல்லாததால் திரைச் சார்பு என்னும் சிக்கல் எழவில்லை. பதிவு செய்த நேரம், ஒதுக்கீட்டுப் பிரிவு, காத்திருப்போர் பட்டியல் என வரிசையின் விதிகள் வெளிப்படையானவை. இரயில்வேயின் சிக்கல் தேவைக்கேற்ற இடம் இல்லாமையே. வரிசையை மென்பொருளின் துணையால் முந்த முயலும் சட்டவிரோத முகவர்கள் அப்பற்றாக்குறையிலிருந்தே தோன்றினர். விதி வெளிப்படையாக இருந்ததால் அதனை மீறுவோரை மீறியவர் என அடையாளம் காணவும் இயன்றது.

ரெட்பஸ்: சிதறிய இருக்கைகளின் தொகுப்பு

தனியார் பேருந்துத் துறையின் நிலை வேறு. தமிழகத்தில் ஆம்னி பேருந்து என வழங்கப்படும் தொலைதூரப் பேருந்துகளைப் பல்லாயிரம் உரிமையாளர்கள் நாடெங்கும் இயக்கினர். ஒரு பேருந்தின் இருக்கைகள் பல முகவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஒவ்வொரு முகவரும் தம் பங்கிலுள்ள இருக்கைகளை மட்டுமே அறிந்திருந்தார். ஒருவரிடம் இடமில்லை என்ற நிலையில் மற்றொருவரிடம் காலி இருக்கை விற்காமல் கிடந்தது.

2005ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து ஐதராபாத்துக்குச் செல்ல இருக்கை கிடைக்காத பணீந்திர சாமா, முகவர்களிடம் விசாரித்து இச்சிக்கலை உணர்ந்தார். அவரும் சுதாகர் பசுபுனூரி, சரண் பத்மராஜு ஆகியோரும் 2006இல் பெங்களூரில் ரெட்பஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். பேருந்து உரிமையாளர்களுக்கு மென்பொருள் வழங்குவதே அவர்களது முதல் எண்ணம். உரிமையாளர்கள் அதனை ஏற்கும் நிலையில் இல்லாததால், சில இருக்கைகளைத் தாமே பெற்று விற்றுக் காட்ட வேண்டியிருந்தது. நம்பிக்கை உருவான பின்னரே இருக்கை நிலையை உடனுக்குடன் காட்டும் மென்பொருள் உரிமையாளரின் அலுவலகத்தை அடைந்தது. பேருந்து ஒன்றும் சொந்தமாக இல்லாத இளைஞர்கள், காலி இருக்கை பற்றிய செய்தியைத் தொகுத்ததன் வழியே தொழில் நிறுவினர் என்பது இவ்வரலாற்றின் சிறப்பு. சேபர் பெரு முதலீட்டில் செய்ததை ஒத்த பணியை, இணையம் பரவிய காலத்தில் சிறு குழு ஒன்றால் செய்ய முடிந்தது.

2013இல் ரெட்பஸ் ஐபிபோ குழுமத்தின் உடைமையாயிற்று. தீப் கல்ரா 2000இல் நிறுவிய மேக்மைட்ரிப், 2017இல் ஐபிபோவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. இவ்வாறு விமானம், பேருந்து, விடுதி ஆகியவற்றின் முன்பதிவில் முன்னணியில் இருந்த தளங்கள் ஒரே குழுமத்தின்கீழ் வந்தன.

இந்தியப் போட்டி ஆணையத்தின் தலையீடு

இந்திய விடுதி, உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பு அளித்த முறையீட்டின் பேரில் 2019இல் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு ஆணையிட்டது. 2022 அக்டோபரில் வெளியான உத்தரவில், மேக்மைட்ரிப்–கோஐபிபோ தன் மேலாதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தி விடுதிகள்மீது விலை, அறை இருப்பு ஆகியவற்றில் சம நிபந்தனை விதித்ததாக ஆணையம் முடிவு செய்தது. ஓயோ நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவாக அதன் போட்டியாளர்களான ஃபேப்ஓட்டல்ஸ், ட்ரீபோ ஆகியவை தளத்திலிருந்து நீக்கப்பட்டதையும் அது குறிப்பிட்டது. மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் தண்டத்தொகையாக விதிக்கப்பட்டன. சம நிபந்தனைகளை ஒப்பந்தங்களிலிருந்து நீக்கவும் ஆணையிடப்பட்டது.

நியூயார்க் ஏர் நிறுவனம் 1981இல் திரையின் அடிக்குத் தள்ளப்பட்டது. இவ்விரு விடுதி நிறுவனங்கள் பட்டியலிலிருந்தே அகற்றப்பட்டன. முன்னதைச் செய்தது போட்டி விமான நிறுவனம். பின்னதைச் செய்தது விடுதி நிறுவனம் ஒன்றுடன் உடன்பாடு கொண்ட தளம். உரிமை வேறுபட்டபோதும் விளைவு ஒத்திருந்தது.

ஒப்பீடு

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து மூன்று கருத்துகளைப் பெற முடிகிறது.

முதலாவது, தொகுப்புப் பணி உண்மையான சமூகப் பயன் உடையது. அட்டைப் பேழையும் முகவரின் தனிப் பங்கும் இருந்த காலத்திற்குத் திரும்புவதை விமான நிறுவனமோ சிறு விடுதியோ விரும்பாது. எனவே சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை.

இரண்டாவது, கட்டுப்பாட்டின் வடிவம் மாறியுள்ளது. சேபர் காலத்தில் அது வரிசையில் இருந்தது. இணையக் காலத்தில் அது வரிசையோடு ஒப்பந்தத்திற்குள்ளும் சென்றது. வரிசையில் பின்தள்ளப்பட்டவருக்குத் தம் இடத்தில் விலை குறைக்கும் வழியேனும் எஞ்சியிருந்தது. சமவிலை நிபந்தனை அவ்வழியையும் அடைத்தது.

மூன்றாவது, சட்டத்தின் வருகைக்கு எடுத்துக்கொண்ட காலம் கருதத்தக்கது. முனையங்கள் முகவரிடம் சென்ற 1976க்கும் தடை வந்த 1984க்கும் இடையே எட்டு ஆண்டுகள். புக்கிங் தொடங்கிய 1996க்கும் ஒன்றியம் முழுமைக்குமான தடை வந்த 2024க்கும் இடையே 28 ஆண்டுகள். மேக்மைட்ரிப் நிறுவப்பட்ட 2000க்கும் ஆணைய உத்தரவுக்கும் இடையே 22 ஆண்டுகள். சேபரால் பாதிக்கப்பட்டோர் வழக்கறிஞர்களும் நாடாளுமன்றத் தொடர்பும் கொண்ட விமான நிறுவனங்கள். பின்னவற்றில் பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் தனித்தனியே தளத்தை எதிர்க்க வலுவற்ற விடுதியாளர்கள். தளத்திலிருந்து விலகினால் வருவாய் குறையும் என்னும் அச்சமும் அவர்களுக்கு இருந்தது. இந்தியாவில் சங்கங்களின் கூட்டமைப்பு முறையிட்ட பின்னரே விசாரணை தொடங்கியது என்பது இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. பிற காரணங்களும் இருக்கக்கூடும் எனினும், பாதிக்கப்பட்டோரின் ஒன்றுபட்ட வலிமைக்கும் சட்டத்தின் விரைவுக்கும் தொடர்பு உண்டு எனக் கருத இடமுள்ளது.

முடிவுரை

சுற்றுலாத் துறையின் எண்ணிம வரலாறு இருவகைத் தொழில்முனைவோரின் வரலாறாகும். ஒருவகையினர் காலி இடங்களின் செய்தியைத் தொகுத்தனர். மற்றொரு வகையினர் அவ்விடங்களையே உருவாக்கினர்: அறை கட்டினர், பேருந்து இயக்கினர், புதிய வழித்தடத்தில் விமானம் விட்டனர். முன்னவரின் வெற்றியே எண்ணிமத் தொழில்முனைவு எனப் பேசப்படுகிறது. பின்னவரின் தொழில் உரிமை அப்பேச்சில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

விமான உரிமையிலிருந்து திரையைப் பிரித்தால் சார்பு நீங்கும் என 2004இல் கருதப்பட்டது. உரிமை மாறிய பின்னரும் சார்பு தரகின் வழியாகவும் ஒப்பந்தத்தின் வழியாகவும் நீடித்தது. ஆகவே திரை யாருக்குச் சொந்தம் என்பதோடு, அதன் வரிசை எவ்விதியால் அமைகிறது, அவ்விதி பட்டியலில் உள்ளோருக்கும் பயணிக்கும் தெரியுமா, பட்டியலுக்கு வெளியே விற்கும் உரிமை உரிமையாளருக்கு எஞ்சியுள்ளதா என்னும் மூன்று வினாக்களையும் கேட்க வேண்டியுள்ளது. கைப்பேசிச் செயலிகள் பயணிக்குப் பட்டியலுக்கு மாற்றாக ஒரே ஒரு பரிந்துரையை அளிக்கும் நிலை வளர்ந்துவரும் சூழலில் இவ்வினாக்கள் மேலும் கூர்மை பெறுகின்றன. பட்டியலில் இரண்டாம் வரியில் உள்ளவரையாவது பயணி தேடிக் காண முடியும். ஒரே விடை மட்டும் தரப்படும்போது எஞ்சியோர் இருப்பதையே அவர் அறிய வழியில்லை.